ஏணி விபத்து: பட்டை கட்டாத ஹெல்மெட்

ஏணியில் ஏறி வேலை செய்பவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்பது சரிதான். ஆனால் தாடைப் பட்டையைக் கட்டாமல் போட்டால், தலை தரையில் படும் முன்பே அது கழன்று தனியாக உருண்டுவிடும்.

சென்னையில் ஏசி அவுட்டோர் மாட்டுபவர்கள், பெயின்டர்கள் ஏணி சாய்ப்பது பெரும்பாலும் டைல்ஸ் தரையில். ஏணிக்காலின் ரப்பர் தேய்ந்திருந்தால் அடிப்பக்கம் வழுக்கும். 4 அடி உயரத்துக்கு 1 அடி கணக்கு: 12 அடியில் சாய்த்தால் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி. மொட்டை மாடிக்கு ஏற, விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டி, மேல்முனையைக் கயிற்றால் கட்டணும். கீழே ஒருத்தர் பிடித்தால் போதும் என்பார்கள். அவர் கண் போனில் இருக்கும்.

விழுந்தவர் எழுந்து டீ குடித்தார் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மண்டையோட்டுக்கு உள்பக்கம் ரத்தம் கசிந்தால், சில மணி நேரம் தெளிவாகப் பேசிவிட்டுத் திடீரென மயங்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, காதில் தண்ணீர்போல் வடிவது: உடனே 108. கழுத்தை அசைக்காதீர்கள். ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும்.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) உள்ளவருக்கு, வேலைக் காயம் என்றால் முன்பே இத்தனை நாள் சந்தா கட்டியிருக்கணும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உதவித்தொகை உண்டு. சூப்பர்வைசர் விபத்தைப் பதிவேட்டில் எழுதினாரா என்று அன்றைக்கே பாருங்கள்.