கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியதும் பிபி மாத்திரையை நிறுத்தினோம்

அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.6 இருந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது; வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் ஏறும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 1.8. எண் தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அந்த மூன்று வாரத்தில் புதிதாக நடந்தது ஒன்றுதான்: பிபிக்கு டெல்மிசார்டான் ஆரம்பித்திருந்தார்கள். "இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது" என்று வீட்டிலேயே முடிவு கட்டி, யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டோம். நிறுத்தச் சொன்னதில் நானும் ஒருத்தி.

அடுத்த ஏழு மாதம் அம்மா நன்றாக இருப்பதாகவே நினைத்தோம். தலைசுற்றல் இல்லை, வீக்கம் இல்லை. பிபி மட்டும் 160, 170 என்று நின்றது. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் அம்மாவே சொன்னார், "ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாதிரி நுரை நிக்குதுடி." பரிசோதித்தால் சிறுநீரில் புரதம் ஏகத்துக்குப் போகிறது. கிரியேட்டினின் 2.4. அது பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

கிட்னி டாக்டர் எங்களைத் திட்டவில்லை. அதே அறிக்கையைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் நூல் சிக்கல் மாதிரி ஒன்றை வரைந்தார். அதற்குள் போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இப்படி ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன என்றார். அதில் பாதி செத்துப்போனால் மீதி உள்ளவை இரண்டு மடங்கு வேலை பார்க்கும். உள்ளே அழுத்தம் ஏறும். ஆஞ்சியோடென்சின் என்கிற சுரப்பு வெளியே வரும் குழாயை இறுக்கிப் பிடிப்பதால் அழுத்தம் இன்னும் ஏறும். வடிகட்டி கிழிந்து புரதம் ஒழுகும், தழும்பு விழும், அதுவும் சாகும். டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில் வகை மாத்திரைகள் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. அழுத்தம் இறங்கினால் வடிகட்டும் வேகமும் கொஞ்சம் இறங்கத்தானே செய்யும்? அதுதான் கிரியேட்டினின் சற்று ஏறுவதாகக் காகிதத்தில் தெரிகிறது. நாங்கள் பயந்து நிறுத்தியது, மாத்திரை தன் வேலையைச் செய்ததற்கான அடையாளத்தைப் பார்த்து.

முதல் நான்கு வாரத்தில் 30 சதவீதம் வரை ஏறினால் மாத்திரையைத் தொடரலாம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். அம்மாவுக்கு ஏறியது பன்னிரண்டரை சதவீதம். 30-ஐத் தாண்டினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, வேறு மருந்து காரணமா, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். இந்த மாத்திரைகளால் ரத்தத்தில் பொட்டாசியமும் ஏறலாம். அப்படி ஏறினாலும் உடனே நிறுத்துவதற்கு முன்னால் உணவு மாற்றம், நீர் பிரிக்கும் மாத்திரை என்று வழிகள் உண்டு. ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும், அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. அதனால்தான் ஆரம்பித்த இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இரண்டையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மாத்திரை எழுதிய அன்றே, "கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும், பயப்படாதீங்க, நிறுத்தாம என்கிட்ட வாங்க" என்று ஒரு வாக்கியம் யாராவது சொல்லியிருந்தால் அம்மாவின் அந்த ஏழு மாதம் வீணாகியிருக்காது. கூட்டம் இருக்கும், நேரம் இருக்காது, தெரியும். ஆனால் இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

இது நேற்று வந்த அறிவும் இல்லை. முதல் வகை சர்க்கரை நோயாளிகளுக்குக் கேப்டோப்ரில் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று 1993-லேயே காட்டிவிட்டார்கள். இரண்டாம் வகைக்கு லோசார்டானும் இர்பெசார்டானும் 2001-ல் அதையே காட்டின. சிறுநீரகம் ரொம்பப் பழுதான பிறகு இவற்றை நிறுத்தினால் நல்லது என்று பலர் நம்பிவந்தார்கள். 2022-ல் வந்த ஆய்வில் அப்படி நிறுத்தியவர்களின் சிறுநீரகம் மூன்று வருடத்தில் ஒன்றும் மேம்படவில்லை. ஆனால் நல்லதாயிற்றே என்று 'ப்ரில்' ஒன்று, 'சார்டான்' ஒன்று என இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை, பொட்டாசியம் ஏறி சிறுநீரகம் திடீரெனப் பழுதானதால் 2013-ல் பாதியில் நிறுத்தினார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டு வகையுமே ஆகாது.

பிபி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. மேல் எண் 120-க்குக் கீழே வேண்டும் என்பது 2021-ல் வந்த சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல். அது ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கை இதய உயரத்தில் இருக்க, முறைப்படி அளந்த பிபிக்குத்தான். படியேறி மூச்சிரைக்க வந்தவருக்கு உடனே பட்டையைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை 120-க்கு இறக்கப் பார்த்தால் ஆபத்து. என்னைக் கேட்டால், வயதானவர்களுக்கு நிற்க வைத்தும் ஒருமுறை அளக்க வேண்டும். எழுந்ததும் தலை சுற்றி விழுந்து இடுப்பு உடைந்தால், 120 வந்து என்ன பயன்?

சரி, இன்னொன்று. அம்மாவுக்கு மூட்டுவலி. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வடிகட்டிக்குள் ரத்தம் போகும் குழாயைச் சுருக்கும். பிபி மாத்திரை வெளியே வரும் குழாயைத் தளர்த்தியிருக்கிறது. கூடவே நீர் பிரிக்கும் மாத்திரையும் இருந்து நீரும் குறைந்தால், மூன்றும் சேர்ந்து சில நாளிலேயே சிறுநீரகத்தைப் படுக்க வைத்துவிடும். பல் வலிக்குப் போனாலும் "எனக்குக் கிட்னி பிரச்சினை இருக்கு" என்றுதான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். நிற்காத வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டு எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று கேளுங்கள். உடம்பு தேறியதும் எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம், உப்பைக் குறைக்கிறேன் என்று 'குறைந்த சோடியம் உப்பு' வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம்.

அம்மா இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். காலை பிபி, மாலை பிபி, கிரியேட்டினின், பொட்டாசியம், எல்லாம் அவர் கையெழுத்தில். டாக்டர் வரைந்த அந்தப் படத்தை முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். போன மாதம் கிரியேட்டினின் 2.5 என்று வந்தபோது நான்தான் பதறினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டார். "நாலு சதவீதம்டி. மாத்திரையை எடு."