மத்தீஸுக்குக் கண் பார்வை போகவில்லை

"கடைசிக் காலத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸுக்குக் கண் தெரியவில்லை, அதனால்தான் வரைவதை விட்டுவிட்டுக் கடையில் வாங்கிய கலர் பேப்பரை வெட்டி ஒட்டினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. கண்புரையால் அவதிப்பட்டு 1923இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மோனே என்ற இன்னொரு பிரெஞ்சு ஓவியர். இரண்டு பேர் கதையும் கலந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மத்தீஸுக்கு வந்தது வயிற்றில் புற்றுநோய். 1941இல் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் நின்று வேலை செய்வது கஷ்டமாகி, பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தார். அப்போதும் 1948 வரை எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சரி, அந்தத் தாள்கள்? கடைச் சரக்கு இல்லை. வெள்ளைத் தாளில் அவர் சொல்லும் நிறத்தைக் குவாஷ் என்ற, தண்ணீரில் கரைக்கும் அடர்ந்த வண்ணத்தில் உதவியாளர்கள் பூசிக் காயவைப்பார்கள். அவர் பென்சில் கோடு எதுவும் போடாமல் பெரிய கத்தரிக்கோலை நேராக ஓட்டுவார். வெட்டிய துண்டுகளைச் சுவரில் குண்டூசியால் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். சில படைப்புகளை உற்றுப் பார்த்தால் ஊசித் துளைகள் இன்றும் தெரியும்.

அப்புறம், இது நோயால் பிறந்த உத்தியும் இல்லை. 1930களின் தொடக்கத்திலேயே, பார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளருக்காக 'நடனம்' சுவரோவியம் செய்தபோது, உருவங்களை நகர்த்திப் பார்க்க வண்ணத்தாளைத்தான் வெட்டிப் பயன்படுத்தினார். இப்படித் தாள் வெட்டிச் செய்த 'நீல நிர்வாணம்' வரிசை வந்தது 1952இல். கண் தெரியாதவர் செய்கிற வேலையா அது?