பத்தரை மணி நேரத்தில் பாரிஸாம்!

ஏதோ ஓர் இணையப் பக்கத்தில், ‘புதுச்சேரி – பாரிஸ்: தூரம் சுமார் 8,000 கிலோமீட்டர், விமானப் பயண நேரம் பத்தரை மணி’ என்று போட்டிருக்கிறார்களாம். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பாரிஸில் இருக்கும் என் அண்ணன் என்னைக் குறுக்கு விசாரணை செய்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அந்தப் பத்தரை மணி எங்கிருந்து வந்தது? உலக உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆகக் குறுகிய வளைகோட்டை அளந்து, மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணியைத் தர்மமாகச் சேர்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு விமானம் இருக்கிறதா என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் ஓடுபாதையின் நீளமே சுமார் 1,500 மீட்டர்தான். சிறிய ஏடிஆர் விமானம் இறங்கலாம். பாரிஸுக்கு நேரே பறக்க வேண்டுமென்றால் புஷ்பக விமானம்தான் வர வேண்டும்.

அண்ணனிடம் போகும் அம்மாவை விமானம் ஏற்றிவிட, புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டோம். மரக்காணம் தாண்டுவதற்குள் அண்ணனின் அழைப்பு: “விடியற்காலை நான்கு மணி விமானத்துக்கு இப்போதே ஏன்டா அம்மாவை அலைக்கழிக்கிறாய்?” சனிக்கிழமை இரவு கிழக்குக் கடற்கரைச் சாலை எப்படி இருக்கும் என்று பாரிஸை ஒட்டிய லா கூர்நவில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி விளங்கும்? மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும் என்றேன்; “பத்தரை மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்றார். அங்கே போனால் பெட்டி 23 கிலோவைத் தாண்டியிருந்தது. அவர் ஆசையாகக் கேட்ட வடகப் பொட்டலங்களை அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைக்க, வரிசையில் நின்றவர்களெல்லாம் வாசனை பிடிக்க, நான் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து மூட முயன்றுகொண்டிருந்தபோது மறுபடியும் அழைப்பு: “இன்னுமா உள்ளே போகவில்லை?”

தோகாவுக்கு நாலரை மணி நேரம், அங்கே இரண்டரை மணி நேரக் காத்திருப்பு, பிறகு எதிர்காற்றில் மேற்கே ஏழு மணி நேரம். ஆகாயக் கணக்கே பதினான்கு மணி. கார், வரிசை, குடியேற்றச் சோதனை, பெட்டிக்காக நின்றது எல்லாம் சேர்த்து, வீட்டைப் பூட்டியதிலிருந்து அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கும் வரை அம்மாவுக்கு முழுதாக ஒரு நாள் ஆயிற்று.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னதுதான் உச்சம்: “அங்கே காலை நான்கு மணிக்குக் கிளம்பி, இங்கே மதியம் இரண்டரைக்கு இறங்கிவிட்டார்களே! கழித்துப் பார், பத்தரை மணி நேரம்தான்.” கோடைக் காலத்தில் பாரிஸ் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது என்பதை, பல ஆண்டுகளாக அங்கேயே வாழும் மனிதருக்கு நான் இங்கிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: “அது சரி, வடகம் ஏன் பாதிதான் வந்திருக்கிறது?”