ஏலாக்குறிச்சி மாதா கோயிலை ஆங்கிலேயர் கட்டினார்களா?

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் ஆங்கிலேயக் கம்பெனியார் கட்டியது என்றும், காவிரிப் படுகை மாதா கோயில்களில் காணப்படும் கூர்முனை வளைவுகளே அதற்குச் சான்று என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இக்கோயிலின் வரலாறு வீரமாமுனிவரோடு பிணைந்தது. 1680இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவியான அவர், இவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, இங்குள்ள மாதாவின் மீது 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடினார், 1747இல் மறைந்தார். தஞ்சை நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போனது 1799இல். ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி போனது 1801இல். ஆக, முனிவர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்து வந்த ஆட்சியை இக்கோயிலின் தொடக்கத்தோடு முடிச்சுப் போட இடமே இல்லை. அவர் காலத்துக் கோயில்தான் இன்று நாம் காணும் சுவர்கள் என்று நான் சொல்லவில்லை. செங்கல்லும் சுண்ணாம்புமான கட்டடங்கள் தலைமுறைதோறும் புதுப்பிக்கப்படுவது இயல்பே.

வளைவைப் பற்றிய வாதம் இன்னும் பலவீனமானது. கூர்முனை வளைவுகளுக்குப் பேர்போன ஐரோப்பியக் கட்டடப் பாணியான கோத்திக், 12ஆம் நூற்றாண்டில் பாரிசுக்கு அருகே, செயின்ட் டெனிஸ் ஆலயத்தில் உருப்பெற்று ஐரோப்பா முழுவதும் பரவியது. கூர்முனை வளைவோ அதற்கும் முன்பே இஸ்லாமியக் கட்டடங்களில் இருந்தது. கட்டடப் பாணியை வைத்து, கட்டியவர் எந்த நாட்டவர் என்று தீர்ப்பெழுத முடியாது.