இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களைப் படுக்கையிலேயே வைப்பது சரியா?

“எழுபது வயதுக்கு மேல் இடுப்பு முறிந்தால் ஆபரேஷன் தாங்காது, எண்ணெய்க் கட்டுப் போட்டு மூன்று மாதம் படுக்க வைத்தால் கூடிவிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை முறிவதைத்தான். அங்கே, இடுப்பு மூட்டில் பொருந்தும் உருண்டைத் தலைக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதி முறிந்து விலகினால் அதன் தலைப்பகுதிக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடலாம். அதனால் அது தானாகக் கூடுவது கடினம். வெளியே போடும் கட்டு அந்த ஆழத்தில் எலும்பை அசையாமல் பிடிக்காது. மாதக்கணக்கில் படுத்திருந்தால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். பலரின் உயிரைப் பறிப்பது இவைதான்.

சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை இணையத்தில் யாரும் படிக்கலாம். மருத்துவமனையில் சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை, அதற்கு மறுநாளே எழுந்து நடக்கும் பயிற்சி என்கிறது அது. வயது அதிகம் என்பதற்காக மட்டும் அறுவை சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை. மிகவும் நலிந்த சிலருக்கு மட்டும் மருத்துவர் வேறு முடிவு எடுக்கலாம்.

பாட்டியோ தாத்தாவோ விழுந்தபின் கவட்டையில் வலி, கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? தடவிவிட வேண்டாம், 108-ஐ அழையுங்கள். சிலர் முறிவோடு நடக்கவும் செய்வார்கள்; வலி இருந்தால் எக்ஸ்ரே அவசியம்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.