எதற்கெடுத்தாலும் ‘கூஸ்பம்ப்ஸ்’தானா?

குளிர்ந்தாலும் ‘கூஸ்பம்ப்ஸ்’, பயந்தாலும் ‘கூஸ்பம்ப்ஸ்’. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? குளிரில் உடம்பு சிலிர்க்கும். பேரச்சத்தில் மயிர்க்கூச்செறியும். மகிழ்ச்சியில் மெய்சிலிர்க்கும், புளகாங்கிதம் வரும். இந்தப் புளகாங்கிதத்தை வெறும் ‘சந்தோஷம்’ என்று எழுதித் தள்ளுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. புளகம் என்றாலே மயிர் சிலிர்ப்பதுதானே! நல்ல புல்லரிப்பையோ கிண்டலுக்கே நேர்ந்துவிட்டார்கள்.

முழங்கைக்குக் கீழே உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மயிரின் வேர்ப்பையிலும் ஒரு மெல்லிய தசை சாய்வாக ஒட்டியிருக்கிறது. அது சுருங்கினால் மயிர் நிமிரும், அதைச் சுற்றிய தோல் புடைக்கும். நாம் நினைத்து அதை இயக்க முடியாது, தானாகவே இயங்கும் பரிவு நரம்புகள்தான் (sympathetic nerves) இயக்குகின்றன. உள்ளங்கையில் மயிரே இல்லை, அங்கே புல்லரிக்காது. ‘உள்ளங்கை புல்லரித்தது’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ‘கூச்செரிந்தது’ என்றும் வேண்டாம், அது வல்லின றகரம்: கூச்செறிந்தது.