அந்த 90.9 எங்கிருந்து வந்தது?

எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், எம்.டெக். ஐ.டி. படிப்பவர்களுக்கு ரிசர்ச் மெத்தடாலஜி, அதாவது ஆய்வு முறையியல் என்று ஒரு பேப்பர் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) அறிவுசார் சொத்துரிமையையும் அதோடு சேர்த்துக் கட்டி, 2 கிரெடிட் கொடுத்து, முதல் செமஸ்டரிலேயே வைத்திருக்கிறார்கள். யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளும் பேப்பர் இல்லை. டைம்டேபிள் போட்டு முடித்ததும் யாருக்கு வொர்க்லோடு குறைகிறதோ அவர் தலையில் விழும். கொஞ்ச காலமாக என் தலையில்தான்.

நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இதைத் தியரியாக நடத்துவதை நிறுத்திவிட்டு லேப் ஆக்க வேண்டும். ஏற்கெனவே வெளிவந்த ஒரு கட்டுரையை மாணவர் கையில் கொடுத்து, அதில் போட்டிருக்கும் ரிசல்ட் நம் மெஷினில் வருகிறதா என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாடத்திட்டத்தின் முக்கால்வாசி அதுவாகவே இருக்கலாம்.

இப்போது நடப்பது என்ன? 2 மார்க் கேள்வி பத்து, 13 மார்க் கேள்வி ஐந்து, 15 மார்க்குக்கு ஒன்று. 'ஆய்வின் வகைகளை விளக்குக' என்று கேட்டால் மாணவர் அடிப்படை ஆய்வு, பயன்பாட்டு ஆய்வு, விவரண ஆய்வு என்று நாலு பக்கம் விளக்கிவிடுவார். படிக்கக் கிடைக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை வணிகவியல், சமூகவியல் மாணவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நல்ல புத்தகங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மாடலை (தரவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் நிரலை) எப்படி டிரெயின் செய்து எப்படி டெஸ்ட் செய்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள மாட்டோம் என்பதை அவற்றில் தேடிப் பயனில்லை. ஆக, எழுதுகிறார், பாஸாகிறார், மறந்துவிடுகிறார்.

மூன்றாம் செமஸ்டரில் புராஜெக்ட்டின் முதல் கட்டமான ஃபேஸ் ஒன் ஆரம்பிக்கும்போது அந்தப் பேப்பரின் வாடைகூட இருக்காது. 'பேஸ் பேப்பர் (அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் கட்டுரை) எங்கே?' என்பதுதான் முதல் கேள்வி. சமீபத்தில் வந்த ஐஇஇஇ கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் இருக்கும் அல்காரிதத்தோடு இன்னொன்றை ஒட்டி, எக்ஸிஸ்டிங் சிஸ்டம் (ஏற்கெனவே இருப்பது), புரொபோஸ்ட் சிஸ்டம் (நாம் முன்வைப்பது) என்று இரண்டு தலைப்பு போட்டு, கடைசியில் ஒரு டேபிள். அதில் நம்முடையது எப்போதும் ஜெயித்திருக்கும். தோற்ற புரொபோஸ்ட் சிஸ்டம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. இதுவும் முடியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது புராஜெக்ட் சென்டர். கோடு, ரிப்போர்ட், பிபிடி மூன்றும் ஒரே பேக்கேஜ். வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பசங்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நாம் கேட்பதை அங்கே காசுக்கு விற்கிறார்கள்.

சமீபத்தில் ஒரு புராஜெக்ட் ரிவ்யூ. தலைப்பு சர்க்கரை நோயை முன்கூட்டியே கணிப்பது. சரியாகக் கணித்தது எக்ஸிஸ்டிங் 89.6 சதவீதம், புரொபோஸ்ட் 90.9. டேட்டா எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பீமா டேட்டாசெட். 768 பேருக்கு ஆளுக்கொரு வரிசை, 8 நெடுவரிசை, அப்புறம் நோய் உண்டா இல்லையா என்ற விடை. 'இவர்களெல்லாம் யாருப்பா?' என்று கேட்டேன். 'பேஷண்ட்ஸ் சார்' என்றார்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில் வாழும் பீமா பழங்குடியினர் அவர்கள். அத்தனை பேரும் பெண்கள், எல்லோருக்கும் குறைந்தது 21 வயது. சர்க்கரை நோய் மிக அதிகமாகக் காணப்பட்ட சமூகம் என்பதால்தான் அவர்களிடம் தரவு திரட்டினார்கள். முதல் நெடுவரிசையே எத்தனை முறை கர்ப்பம் என்பது. இந்த மாணவரோ அழகாக ஒரு வெப் பேஜ் செய்து, யார் வேண்டுமானாலும் தங்கள் விவரத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். ஆண்கள் கர்ப்பம் என்ற பெட்டியில் 0 போட்டுக்கொள்ள வேண்டுமாம். ரிவ்யூ ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். ஆனால் எங்கள் கமிட்டியில் அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஃபைலைத் திறந்து ரத்த அழுத்தம் என்ற நெடுவரிசையைப் பார்க்கச் சொன்னேன். 35 பேருக்கு 0. ரத்த அழுத்தம் 0 என்றால் ஆள் உயிரோடு இல்லை. அளக்காமல் விட்டதைத்தான் 0 என்று போட்டிருக்கிறார்கள். இன்சுலின் நெடுவரிசையில் 374 பேருக்கு 0, ஏறக்குறையப் பாதிப் பேர்.

'அதை மீடியன் போட்டு ஃபில் பண்ணிட்டேன் சார்' என்றார். மீடியன் என்றால் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு. எந்த மீடியன்? இணையத்தில் எல்லோரும் எடுத்துப் போடும் ஒரு கோடில் இருப்பதுதான். நோய் உள்ளவர்களுக்குத் தனி மீடியன், இல்லாதவர்களுக்குத் தனி மீடியன். இன்சுலின் விடுபட்டிருந்தால், நோய் இல்லாதவருக்கு 102.5, நோய் உள்ளவருக்கு 169.5 என்று நிரப்பிவிடும். அதாவது நாம் கணிக்க வேண்டிய விடையைப் பார்த்து, அதன்படியே உள்ளே போகும் தரவை எழுதியிருக்கிறோம். 102.5 என்று கண்டால் 'இல்லை', 169.5 என்று கண்டால் 'உண்டு' என்று சொல்லிவிட்டுப் போக டெசிஷன் ட்ரீ என்ற மாடலுக்குச் சர்க்கரை நோயைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். விடைத்தாளின் ஓரத்திலேயே விடையைக் குறித்துக் கொடுத்துவிட்டு மாணவர் எவ்வளவு புத்திசாலி என்று மெச்சுவது போலத்தான். நாளைக்கு ஒரு புதுப் பெண் வந்து நின்றால் எந்த மீடியனைப் போடுவது? அது தெரிந்தால் மாடலே தேவையில்லையே.

இந்தத் திருட்டு வழியை அடைத்துவிட்டு ஒழுங்காகச் செய்தால் இந்த டேட்டாவில் பொதுவாக 75லிருந்து 80க்குள்தான் வரும். 768 பேரில் 500 பேருக்கு நோய் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் 'இல்லை' என்று சொன்னாலே 65 சதவீதம் கிடைத்துவிடும். இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 90.9 என்ன லட்சணம் என்று புரியும்.

இன்னொரு கணக்கு. இருபது சதவீதத்தை டெஸ்டுக்கு ஒதுக்கினால் 154 பேர். ஒருவர் மாறினால் 0.65 சதவீதம் மாறும். அப்படியானால் 89.6லிருந்து 90.9க்கு ஏறியது என்பது இரண்டே இரண்டு பெண்கள். டேட்டாவை எப்படிக் குலுக்கிப் பிரிப்பது என்பதைத் தீர்மானிக்கும் ரேண்டம் சீடை 42லிருந்து 43க்கு மாற்றினால் இதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம் வந்துபோகும். தவிர, 89.6 அவர் ஓட்டிப் பார்த்த எண்ணே இல்லை. பேஸ் பேப்பரிலிருந்து எடுத்து எழுதியது. அவர்கள் டேட்டாவை எப்படிப் பிரித்தார்கள் என்பது அதில் இல்லவே இல்லை.

இந்த உரையாடல் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சாம்பிளிங், மிஸ்ஸிங் டேட்டா, பேஸ்லைன், வேலிடிட்டி எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. இதே மாணவர் முதல் செமஸ்டரில் சாம்பிளிங் கேள்விக்கு 13க்கு 11 வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இந்த அரைமணி நேரத்தை ஏன் அப்போதே, லேப்பில் உட்காரவைத்துக் கொடுக்கக்கூடாது?

ஆய்வு நேர்மை என்று வந்தால் நம் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், பிளேஜியரிசம் ரிப்போர்ட். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-ல் கொண்டுவந்த விதிமுறைப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. உடனே மொத்தக் கவனமும் அந்தப் பத்துக்குள் அடக்குவதில் போய்விட்டது. வாக்கியத்தை மாற்றி எழுதித் தரும் டூல்கள் இதை வைத்தே பிழைக்கின்றன. சொல் யாருடையது என்று அந்த மென்பொருள் பார்க்கும், எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்காது. மேலே சொன்ன 90.9 எந்தச் சோதனையிலும் மாட்டாமல் சுத்தமாக வெளியே வந்துவிடும். இப்போது ஏஐ எழுதித் தரும் லிட்டரேச்சர் சர்வே வேறு. இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் போட்டுத் தருகிறது. ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் என் கண்முன் திறந்து காட்டு என்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்வது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் பினோ 2018-ன் ஐசிஎல்ஆர் என்ற மெஷின் லேர்னிங் மாநாட்டை ஒட்டி இப்படி ஒரு சவாலைத் தொடங்கினார். மாநாட்டுக்கு வந்த கட்டுரைகளை மாணவர்கள் வகுப்பு வேலையாகவே எடுத்து மறுபடி செய்து பார்த்தார்கள். மறுவருடம் அதே துறையின் இன்னொரு பெரிய மாநாடான நியூரிப்ஸ், ரிசல்ட்டைத் திரும்பச் செய்து பார்க்க என்னென்ன விவரம் தேவை என்று கட்டுரை அனுப்புபவர்களிடம் ஒரு செக்லிஸ்ட்டே கேட்க ஆரம்பித்தது. அதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்கள் இதைப் பாடமாகவே செய்கிறார்கள். பெரிய ஜிபியு கிளஸ்டர் (சக்திவாய்ந்த கம்ப்யூட்டர்களின் தொகுப்பு) வேண்டுமே என்பார்கள். பீமா ஃபைல் சில கிலோபைட்தான். நம் லேப்பில் இருக்கும் பழைய மெஷினிலும் ஓடும்.

சக ஆசிரியர்கள் சொல்லும் ஆட்சேபம் வேறு. 'சார், இதனால பப்ளிகேஷன் வராதே' என்கிறார்கள். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக், தரவரிசை போடும் என்ஐஆர்எஃப் இரண்டுமே கட்டுரைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்பவைதான். அடுத்தவர் செய்ததைச் சரிபார்த்ததற்கு அங்கே வரிசை எண் கிடையாது. நியாயமான கவலைதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் துரத்தியதன் விலையையும் பார்த்தோமே. 2023-ல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்த 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கடைசியில் அந்தப் பெயரையே வேண்டாம் என்று தாய் நிறுவனமான வைலி கைவிட்டுவிட்டது.

மாடல் பக்கம் போகாமல், ஆப் செய்து யூசர் சர்வே எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். கூகுள் ஃபார்மை ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, நாற்பது நண்பர்கள் 'வெரி குட்' என்று கிளிக் செய்ததை விவசாயிகளுக்கான ஆப்பின் பயன்பாட்டு ஆய்வு என்று கொண்டுவருகிறார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று கேட்கிறார்கள். ரிசல்ட் ஒத்துவந்ததா என்பதற்கு மார்க்கே போட வேண்டாம். போட்டால் மறுபடி எண்ணை இட்டுக்கட்டத்தான் செய்வார்கள். என்ன செய்தார், எது வரவில்லை, கட்டுரையில் என்ன சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று வாரா வாரம் எழுதிய நோட்டுக்குப் பாதி மார்க். மீதிக்கு வைவா. ரிப்போர்ட்டில் இருக்கும் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டி, இது எப்படி வந்தது என்று இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்.

நெட்வொர்க், செக்யூரிட்டி பக்கம் போகிறவர்களுக்கு இந்த முறை நெட்வொர்க் ஊடுருவலைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் கேடிடி 99 டேட்டாவைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இன்ட்ரூஷன் டிடெக்‌ஷன் என்று வரும் புராஜெக்ட்களில் இன்றும் தலைகாட்டுவது அது. டிரெயினிங் பகுதியில் சுமார் 49 லட்சம் ரெக்கார்டு. திரும்பத் திரும்ப வருவதை நீக்கினால் 10.75 லட்சம்தான் மிஞ்சும். 2009-லேயே இதை எடுத்துச் சொல்லி, என்எஸ்எல்-கேடிடி என்று திருத்திய வடிவமும் கொடுத்துவிட்டார்கள். மாணவர்களிடம் இதைச் சொல்லப் போவதில்லை. டேட்டாவையும், 99 சதவீதம் என்று சொல்லும் ஒரு கட்டுரையையும் மட்டும் கொடுத்துவிட்டு, எத்தனையாவது வாரத்தில் யார் வந்து 'சார், இதுல ஒரே ரெக்கார்டு பல தடவை இருக்கு' என்று சொல்கிறார் என்று பார்க்கலாம். தயவுசெய்து என் மாணவர்கள் யாராவது இந்தப் பதிவைப் படித்தால் பக்கத்து பெஞ்சுக்குச் சொல்லிவிடாதீர்கள்.